சுவிஸ் மலைக்கு ஜூலையில் மட்டும்தான் வர வேண்டுமா?

12 நவம்பர் 2023, கோவை வாசகர் ஒருவரின் கேள்வி

அடுத்த ஜூலையில் குடும்பத்தோடு சுவிஸ் வருகிறோம். பத்து நாள். மலை, பூ, காட்டு விலங்கு பார்க்க ஜூலை, ஆகஸ்ட்தான் சரி, மற்ற மாதங்களில் வெறும் பனியும் மேகமும்தான், பணம் தண்டம் என்கிறார் ஏஜென்ட். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், சரிதானே?

12 நவம்பர், இரவு

சரியில்லை.

ஜூலையில்தான் பஸ்ஸை நிரப்பலாம், அதனால் ஏஜென்டுக்கு ஜூலை. நான் 1991இல் இந்த நாட்டுக்கு வந்தவன். தூண் என்ற ஊரின் ஏரிக்கு மேலே ஒரு மலை ஹோட்டலின் குசினியில் 22 வருடம் நின்றேன். ஜூலை, ஆகஸ்டில் நான் பார்த்த மலை, கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் அளவுதான். எங்களுக்கு லீவு கிடைத்தது ஹோட்டல் பூட்டும் நாட்களில்: ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை, அப்புறம் நவம்பர். இந்த நாட்டு மிருகங்களை நான் அறிந்துகொண்டதும் ஆட்கள் வராத அந்த மாதங்களில்தான். ரசனையால் இல்லை. வேறு லீவு இல்லை.

13 நவம்பர்

மேகம் என்றீர்கள். இன்று காலை தூணில் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. நவம்பரில் இங்கே கீழ்நாடு முழுக்க மூடுபனி கிடக்கும், சில சமயம் ஒரு கிழமை வெயிலே படாது. ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரெயில் ஏறுவார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: அந்த மூடுபனிக்கு ஒரு கூரை இருக்கிறது. பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்குள் முடிந்துவிடும். பேட்டன்பெர்க் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒரு வளைவில் ஜன்னல் சாம்பல் நிறம். அடுத்த வளைவில் வெள்ளை. அதற்கடுத்த வளைவில் கண் கூசியது. கீழே ஏரி இல்லை, ஊர் இல்லை, பால் காய்ச்சிய சட்டி மாதிரி ஒரே வெள்ளை. எதிரே ஐகர், மூன்க், யூங்ஃபிராவ் மூன்று சிகரங்களும் துடைத்துவைத்த மாதிரி.

அங்கிருந்து நீடர்ஹோர்ன் (1963 மீட்டர்) நடந்து ஏறினேன். கேபிள் காரும் உண்டு, ஆனால் நவம்பரில் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். அந்த மலையின் ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் யூஸ்டிஸ்டால் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. விளிம்பில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும், நின்று பார்க்கக் கூடாது. பார்த்தேன். பதினைந்து மீட்டர் கீழே ஒரு பாறைத் திட்டில் நான்கு ஸ்டைன்பொக் கடாக்கள் அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. மலை ஆடு என்று தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு மீட்டர் கொம்போடு கிடக்கிற சாமானை ஆடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்று தலையைத் திருப்பியபோது கொம்பு பாறையில் தட்டி "டொக்" என்றது. அவ்வளவுதான் சத்தம். ஒரு மணித்தியாலம் பார்த்தேன். கொம்பின் முன்பக்கம் உள்ள முடிச்சை எண்ணினால் வயது வந்துவிடும். பெரியவனுக்கு இருபதுக்கு மேல் இருக்கும்.

15 நவம்பர்

மேலே எழுதியதை மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். முன்பக்க முடிச்சு வயது இல்லையாம், அது வருடத்துக்கு இரண்டு அளவில் வரும். குளிர்காலத்தில் கொம்பு வளர்வது நின்றுபோகும், அந்த நிறுத்தம் பக்கத்திலும் பின்னாலும் மெல்லிய வளையமாகத் தெரியும், அதைத்தான் எண்ண வேண்டுமாம். ஆகவே என் பெரியவனுக்கு இருபது இல்லை, பத்துப் பன்னிரண்டு. முப்பது வருடமாகப் பிழையாக எண்ணி, எத்தனை கடாக்களைக் கிழவனாக்கியிருப்பேனோ.

15 நவம்பர், பிறகு

"ஆட்டுக்கு இவ்வளவு கதையா" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் ஒரு ஸ்டைன்பொக்கும் மிஞ்சவில்லை. கொம்பு மருந்து, இரத்தம் மருந்து, வயிற்றுக்குள் இருக்கும் கல்லும் மருந்து என்று சுட்டுத் தீர்த்தார்கள். கடைசிக் கூட்டம் இத்தாலி அரசரின் வேட்டைக்காடான கிரான் பரடீசோவில் மட்டும் தப்பியது. சுவிஸ்காரர் முறையாகக் கேட்டார்கள், அரசர் தரவில்லை. 1906இல் குட்டிகளைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்திக் கொண்டுவந்து, செயின்ட் காலன் நகரின் விலங்குப் பூங்காவில் பால் கொடுத்து வளர்த்தார்கள். 1911இல் முதல் தடவை மலையில் விட்டார்கள். இன்று பதினையாயிரத்துக்கு மேல். எல்லாம் கடத்தல் பரம்பரை. விசா இல்லாமல் வந்து நிலைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, அவ்வளவுதான்.

3 டிசம்பர்

நல்ல பனி. பனிக்காலத்தில் ஒன்றும் தெரியாது என்பவர்களுக்கு: பனிதான் இந்த மலையின் வருகைப் பதிவேடு. இரவு யார் வந்தார், எங்கே திரும்பினார், எங்கே ஓடினார் எல்லாம் காலையில் எழுதிக் கிடக்கும். நரி ஒற்றை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். முயல் பின்னங்காலை முன்னே போட்டுப் பாயும். ஒரு இடத்தில் சின்னக் கால்தடம் திடீரென்று முடிந்து, இரண்டு பக்கமும் இறகு விசிறிய கோடு. ஆந்தையாக இருக்கலாம்.

வாடகைக்குப் பனிச்சப்பாத்து எடுத்துக்கொண்டு, பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்குங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

9 ஜனவரி 2024

மேலே உள்ள கடைசிப் பத்தியைச் செய்யாதீர்கள். அழிக்கலாம் என்று நினைத்தேன். கிடக்கட்டும், நான் எழுதியதுதானே.

ஞாயிறு நானே அப்படிப் போனேன். மரங்கள் முடிகிற உயரம், காற்று இல்லை, மைனஸ் 12. ஒரு சரிவைக் குறுக்கே கடக்கும்போது என் காலுக்கு முன்னால், இரண்டு மீட்டர் இருக்கும், பனி வெடித்தது. சத்தியமாக வெடிதான் என்று நினைத்தேன், யாழ்ப்பாணத்து ஞாபகத்தில் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. அப்புறம்தான் கறுப்பாக ஒரு பறவை, வால் இரண்டு பக்கமும் வளைந்து, அடியில் வெள்ளை தெரிய, சரிவின் கீழே போனது. பிர்க்ஹூன், மலைக் காட்டுக்கோழியின் சேவல்.

அது இருந்த பள்ளத்தைப் பார்த்தேன். முழங்கை ஆழம். கை விட்டால் வெளியைவிடக் குளிர் குறைவு. அடியில் எச்சம் சுருட்டுச் சுருட்டாகக் குவிந்திருந்தது, காலையிலிருந்து அசையாமல் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் வெளியே வந்து மொட்டும் ஊசியிலையும் தின்னும். மிச்ச நேரமெல்லாம் பனிக்குள் படுத்துச் சூட்டைச் சேமிக்கும். அந்தத் தீனியில் என்ன சத்து இருக்கிறது? கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற ஏழைக் குடும்பம் மாதிரி. நான் போய்க் கதவை உடைத்துவிட்டேன்.

பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கோழிகளைக் கிளப்பிவிட்டு, எச்சத்தில் பதற்ற ஹார்மோன் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். ஏறியிருந்தது. அதனால்தான் மலையில் காட்டுயிர் அமைதி வலயம் என்று பலகை வைத்து, பனிக்காலத்தில் உள்ளே போகாதே என்கிறார்கள். மீறினால் தண்டம். நான் போன இடத்தில் பலகை இருந்ததா? தெரிந்திருந்தால் இப்படி எழுதுவேனா என்று சொல்லலாம்தான். ஆனால் நான் தேடவே இல்லை.

10 ஜனவரி

"ஒரு கோழிக்கா இந்த அழுகை, நீங்கள் குசினியில் எத்தனை கோழி வெட்டியிருப்பீர்கள்" என்று கேட்டவருக்கு: கணக்கில்லை. அவற்றை நான் நித்திரையில் எழுப்பவில்லை.

18 பெப்ரவரி

வெளியே போகாமல் இருக்க முடியவில்லை, ஆனால் இந்தத் தடவை கேபிள் கார் நிலையத்தை விட்டு நகரவில்லை. தூணிலிருந்து ரெயில் ஏறினால் 2007இல் திறந்த லொட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் 34 கிலோமீட்டர் ஓடி வாலிஸ் மாநிலப் பக்கம் வெளியே தள்ளிவிடும். லொய்க்கர்பாட், அங்கிருந்து கெம்மி கணவாய். மேலே போனபோது முக்காலி வைத்த பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே நின்றார்கள். எல்லோரும் ஒரே ஆளுக்காக.

தாடிப் பாறு (பிணந்தின்னிக் கழுகு இனம்) பதினொன்றரைக்கு வந்தது. வந்தது என்றால், பாறைச்சுவரின் கீழிருந்து எழும்பி, எங்கள் கண்மட்டத்தில், இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் கடந்தது. இறக்கை விரித்தால் இரண்டே முக்கால் மீட்டர். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், அலகுக்குக் கீழே கறுப்புத் தாடி. நெஞ்சு துரு நிறம். அது பிறவி நிறம் இல்லை, இரும்புச் சத்துள்ள சேற்றில் குளித்துத் தானே பூசிக்கொள்கிற சாயம். எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தது. படம் எடுத்தவர்கள் படம் எடுத்தார்கள். என் கைபேசியில் வானம்தான் இருக்கிறது.

இதுவும் ஒரு தடவை தீர்ந்துபோனதுதான். ஆட்டுக்குட்டியையும் பிள்ளையையும் தூக்கிப் போகும் என்று சொல்லிச் சுட்டார்கள். அது தின்பதோ பெரும்பாலும் எலும்பு. பெரிய எலும்பை உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாறையில் போட்டு உடைக்கும். 1991இலிருந்து கூண்டில் பிறந்த குஞ்சுகளைத் தேசியப் பூங்காவில் விட்டார்கள், 2007இல்தான் சுவிஸ் காட்டில் முதல் குஞ்சு பொரித்தது. முட்டையிடுவது நடுப்பனிக்காலத்தில். பனிச்சரிவில் செத்த மிருகங்களின் எலும்பு கிடைக்கிற வேளையில் குஞ்சு வெளியே வர வேண்டும் என்று ஒரு கணக்கு. எங்கள் ஏஜென்ட் வேண்டாம் என்கிற மாதத்தில்தான் அதற்குக் குடும்ப வாழ்க்கை.

20 மார்ச்

மழை, 7 பாகை, இரவு. தேரை கடக்கிற இரவு. காட்டிலிருந்து குளத்துக்கு முட்டையிடப் போகிற தேரைகளும் தவளைகளும் ரோட்டில் நசுங்காமல் இருக்க, ஓரமாக ஒரு சின்ன வேலி கட்டி, இடையிடையே வாளி புதைத்திருப்பார்கள். வேலியோடு நடந்து வாளியில் விழும். விடியற்காலையில் தொண்டர்கள் போய் எண்ணி, எழுதி, மறுபக்கம் கொண்டுபோய் விட வேண்டும். மகள் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாளியில் கை விட்டால் ஆறு. பெண் தேரையின் முதுகில் ஆண் தேரை இறுக்கிப் பிடித்தபடி, நான் தூக்கியும் விடவில்லை. உங்கள் பாட்டுக்குத் தூக்குங்கள் என்கிற முகம்.

அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போனில் சொன்னேன். "தேரையை வாளியில் காவுறதுக்கா வெளிநாடு போனனீ?" என்றார்.

5 மே

நவம்பரில் எழுதியபோது மே மாதத்தையும் சேர்த்துப் புகழ்ந்துவிட்டேன் போல. திருத்தம். மே மாதம் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு மே நல்ல மாதம் இல்லை. பல கேபிள் கார்கள் நிற்கும், ஹோட்டல் பூட்டியிருக்கும், 1800 மீட்டருக்கு மேலே வடக்குச் சரிவில் அழுகிய பனி. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட மலைப்பாதையில் இறங்கி இடுப்பு வரை புதைந்து, சப்பாத்தை உள்ளேயே விட்டுவிட்டு ஒற்றைக் காலுறையோடு வந்திருக்கிறேன். மஞ்சள் பலகைப் பாதையோடு நில்லுங்கள்.

ஆனால் பனி பின்வாங்குகிற அந்த விளிம்பு! புல் இன்னும் செத்த நிறத்தில் இருக்கும். அதற்குள்ளிருந்து வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூ, ஆயிரக்கணக்கில். தூரத்தில் பார்த்தால் இன்னும் பனி உருகவில்லை என்றே தோன்றும். இன்று ஒரு பனித்திட்டின் நடுவே மண் கலந்த ஓட்டை ஒன்று, சுற்றிலும் பழுப்புக் கறை. மூர்மெலி ஆறு மாதம் தூங்கி எழும்பி, மேலே கிடந்த பனியையே தோண்டிக்கொண்டு வந்திருக்கிறது. மர்மோட் என்கிற வளை தோண்டும் பிராணி, இங்கே மூர்மெலிதான். உடம்பு ஐந்து பாகை வரை குளிர்ந்து, நிமிடத்துக்குச் சில தடவை மட்டும் நெஞ்சு அடித்து, குடும்பத்தோடு குவியலாகத் தூங்கும். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெளியே வந்தது தொளதொளவென்று, அண்ணனின் கோட்டைப் போட்ட பெடியன் மாதிரி இருந்தது.

6 மே

"பெரிய எலியா" என்று கேட்டவருக்கு: எலி இல்லை, அணில் குடும்பம்.

அது விசிலடித்தால் ஒரு தடவை என்றால் கழுகு, விட்டுவிட்டுப் பல தடவை என்றால் தரையில் எதிரி என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நேற்று என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் அடித்தது. என்னைக் கழுகு என்று நினைத்திருந்தால் சந்தோஷம்.

பக்கத்து ஊர் மாமி ஒருவர் முழங்கால் நோவுக்கு மூர்மெலிக் கொழுப்புப் பூச்சு வாங்கிப் பூசுகிறார், பார்மசியில் விற்கிறார்கள். "என்ன எண்ணெய் தம்பி இது?" என்று கேட்டார். சுத்த சைவம். நான் மூலிகை என்று சொல்லிவிட்டேன். மாமி இந்தப் பக்கம் வர மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

23 ஜூன்

கன்று போட்ட மாடுகள் மேயும் இடம், தள்ளிப் போகவும் என்று பலகை. ஊரில் மாட்டோடு வளர்ந்தவன் என்ற திமிரில் நேரே போனேன். ஊர் மாடு "ஹேய்" என்றால் விலகும். இது விலகவில்லை, தலையைக் குனிந்தது. முள்ளுக்கம்பிக்கு அடியால் புகுந்ததில் ஜாக்கெட் போச்சு. இந்தச் சுற்றிலேயே என்னைத் துரத்திய ஒரே மிருகம் பசுமாடுதான்.

14 ஜூலை

கேள்வி கேட்டவர் ஜூலைக்கே டிக்கெட் போட்டு வந்துவிட்டார். பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நீடர்ஹோர்ன் கூட்டிப்போனேன். ஹோட்டலில் காலைச் சாப்பாடு, பிள்ளைகளின் தலை சீவல் எல்லாம் முடிந்து மேலே போய்ச் சேர 12 மணி. வெயில், சனம், பரா கிளைடர். விளிம்பில் நால்வரையும் படுக்கவைத்தேன். ஒரு வாலும் இல்லை. கோடையில் ஸ்டைன்பொக் உச்சிவெயிலில் நிழலுக்குள் போய்விடும், வந்தால் விடியலில், இல்லையென்றால் பொழுதுபடும்போது. அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் 22 வருட அனுபவமும் கரைந்தது.

இரவு இடி, மழை. காலை ஆறு மணிக்கு நனைந்த பாதையில் நடக்கலாம் என்று அவரையும் சின்னவளையும் மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் அல்ப்ஸ் சலமாண்டர். விரல் நீளம், முழுக் கறுப்பு, ரப்பர் பொம்மையில் எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளப்பு. பல்லி என்று நினைத்துவிடாதீர்கள், இது தவளைப் பக்கத்துச் சொந்தம். ஓடத் தெரியாது. ஒரு காலை எடுத்து, யோசித்து, அடுத்த காலை எடுக்கும். சின்னவள் பாதையில் குந்தியிருந்து எண்ணினாள்: 31. தொட வேண்டாம் என்றேன், தோலில் நஞ்சு சுரக்கும்.

இது முட்டையிடாது, குட்டி போடும். இரண்டே குட்டி. வயிற்றில் சுமப்பது இரண்டு வருடம், மேலே குளிர் அதிகமான இடத்தில் மூன்று வருடம். "எங்கள் ஊர் யானைக்கே 22 மாதம்தானே!" என்றார் கோவைக்காரர். மழைக்கு நனைந்தபடி இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம்.

ஆகவே ஜூலை வீண் என்று நான் எழுதியிருந்தால் (எழுதவில்லை என்று நினைக்கிறேன், மேலே போய்ப் பார்க்க அலுப்பாக இருக்கிறது) அதையும் திருத்திக்கொள்ளுங்கள். ஜூலையில் மழைக்கு மறுநாள் விடிய எழும்பினால் போதும்.

28 செப்டம்பர்

இது கொஞ்சம் தூரம். நாட்டின் கிழக்கு மூலை, எங்கடின். தூணிலிருந்து அரை நாள் ரெயில், முதல் இரவு அங்கே தங்க வேண்டும். எஸ்-சான்ஃப் ஊரிலிருந்து வால் ட்ருப்சுன் பள்ளத்தாக்குக்குள் நடை. தேசியப் பூங்கா, 1 ஆகஸ்ட் 1914இல் தொடங்கியது, 170 சதுர கிலோமீட்டர். உள்ளே பாதையை விட்டு ஒரு காலடி வைக்கக் கூடாது, நாயைக் கயிற்றில் கட்டியும் கொண்டுபோகக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது. ஜனவரி அனுபவத்துக்குப் பிறகு இந்தச் சட்டங்கள் எனக்கு உறுத்தவில்லை.

செம்மானின் இணைசேரும் காலம். மூலை திரும்பும் முன்பே கேட்டது. மான் கத்துவதை யாராவது "கம்பீரம்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பாரம் ஏற்றிய பழைய லொறி மேட்டில் முதல் கியரில் முனகி முனகி ஏறுமே, அது. ஒன்று முனக, எதிர்ச்சரிவில் இன்னொன்று பதில் முனக, இடையில் நூறு பேர் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச்சைச் சத்தமில்லாமல் கடித்துக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் நூறு பேர் சேர்ந்து கிசுகிசுக்கிற இன்னொரு இடம் எனக்குத் தெரியாது. ஒரு கடா சேற்றில் புரண்டு, கொம்பில் புல்லுக் கற்றை தொங்க, பெண்மான்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சாப்பிடவே இல்லை. கலியாண வீட்டில் பந்தியைக் கவனிக்கிற பெண்ணின் தகப்பன் ஞாபகம் வந்தது.

இவ்வளவு மான் ஏன் இங்கே என்றால், செப்டம்பரில் இந்த மாநிலத்தில் வேட்டைக் காலம். பூங்காவுக்குள் சுட முடியாது. எல்லை எங்கே என்று மான்களுக்கு நன்றாகத் தெரியும். பனி விழுந்ததும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடும்.

ஓடியோ பதிவு ஒன்றைக் கோவைக்கு அனுப்பினேன். "வண்டி பழுதா?" என்று பதில் வந்தது.

6 அக்டோபர்

லார்ச் மரம் இன்னும் முழு மஞ்சளாகவில்லை, இன்னும் இரண்டு கிழமை வேண்டும். ஊசியிலை மரமாக இருந்துகொண்டு இலையுதிர்க்கும், விசர் மரம்.

மேலே பனி 2000 மீட்டர் வரை இறங்கி, திரும்ப உருகியிருக்கிறது. மே மாதம் பார்த்த அதே சரிவில் மூர்மெலி. இப்போது அடையாளம் தெரியவில்லை, வயிறு புல்லில் உரசுகிறது. வாயின் இரண்டு பக்கமும் மீசை மாதிரிக் காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருக்க, ஓட்டைக்குள் போகும், வெறும் வாயோடு வரும், திரும்பக் கவ்வும். படுக்கை போடுகிறது. இன்னும் சில நாளில் உள்ளேயிருந்து மண்ணும் கல்லும் வைத்து வாசலை அடைத்துவிடும். நான் இருந்த முக்கால் மணித்தியாலத்தில் ஒன்பது நடை. விசில் அடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை.